மைனஸ் 7-இல் எந்தக் கார் குறைவாகக் குடிக்கும்? பெற்றோல், ஹைபிரிட், பிளக்-இன், மின்சாரம்: கனடாக் குளிருக்கு ஓர் ஒப்பீடு

ஒவ்வொரு வருடமும் முதல் பனி கொட்டி இரண்டு கிழமை ஆனதும் இந்தக் கேள்வி வந்துவிடும். "அண்ணை, ஹைபிரிட் எடுத்தனான். கோடையில 100 கிலோமீற்றருக்கு நாலரை லீற்றர் காட்டினது, இப்ப ஆறரை காட்டுது. காரில ஏதும் பிழையோ?" இன்னும் கார் எடுக்காதவர்கள் வேறு மாதிரிக் கேட்பார்கள். "மின்சாரக் கார் குளிரில பாதித் தூரம்தான் ஓடுமாம். ஹைபிரிட்டும் இறங்கிவிடுமாம். அப்ப பேசாமல் சாதாரணப் பெற்றோல் காரையே எடுப்பமோ?"

முதல் ஆளின் ஹைபிரிட்டில், அதாவது பெற்றோல் இஞ்சினும் மின்சார மோட்டரும் சேர்ந்து ஓட்டும் அந்தக் காரில், பிழை ஒன்றும் இல்லை. இரண்டாவது ஆளின் கேள்விக்குத்தான் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். கனடாவுக்கு வந்து சில வருடங்களே ஆன ஒரு குடும்பம் முதல் காருக்கு ஆறு, ஏழு வருடக் கடன் எழுதுகிறது. வாடகைக்கு அடுத்தபடியாக மாதாமாதம் போகும் பெரிய காசு அதுதான். அந்த முடிவை "குளிரில் 40 சதவீதம் போய்விடும்" என்ற ஒற்றை வரியை வைத்து எடுக்கக் கூடாது. சதவீதம் சரியானதுதான். ஆனால் நாம் காசு கட்டுவது லீற்றருக்கும் மின்சார யூனிட்டுக்கும்.

கீழே வரும் கணக்கெல்லாம் ரொறன்ரோவையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் மனதில் வைத்துப் போட்டவை. இங்கே ஜனவரிச் சராசரி உறைநிலைக்குச் சில பாகைதான் கீழே. ஒரு சில இரவுகள் மைனஸ் 20-ஐத் தொடும். வினிபெக்கிலோ எட்மன்டனிலோ இருப்பவர்கள் குளிரின் பாதிப்பை ஒரு படி கூட்டியே வாசிக்க வேண்டும்.

## குளிர் எங்கே தின்கிறது?

பெற்றோல் இஞ்சின் 90 பாகையை ஒட்டிய சூட்டில்தான் ஒழுங்காக வேலை செய்யும். கோடைக் காலையில் கிளம்பும் காருக்கு 70 பாகை ஏறினால் போதும். மைனஸ் 10-இல் கிளம்பும் காருக்கு 100 பாகை ஏற வேண்டும். அந்தச் சூடு வரும்வரை இஞ்சின் ஒயில் தடித்துக் கிடக்கும், கியர் பெட்டிக்குள்ளும் அப்படித்தான். குளிர்ந்த இஞ்சின் அணையாமல் எரிய வேண்டுமென்பதற்காகக் காரின் கணினி வழமையைவிடக் கூடுதலாகப் பெற்றோலை ஊற்றும். பிள்ளையைப் பள்ளியில் இறக்கி, தமிழ்க் கடைக்குப் போய், நாலு கிலோமீற்றருக்குள் திரும்பி வரும் கார் அன்று முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. அதன் ஓட்டம் முழுவதும் அந்தக் கூடுதல் ஊற்றலிலேயே முடிந்துவிடும்.

மற்றவை சிறியவை, ஆனால் சேர்ந்து வரும். வெப்பநிலை 20-இலிருந்து மைனஸ் 10-க்கு இறங்கினால் காற்றின் அடர்த்தி 11 சதவீதம் கூடும். 401 ஹைவேயில் 110 வேகத்தில் போகும்போது அந்தத் தடித்த காற்றைத்தான் கிழித்துக்கொண்டு போகிறோம். ஒவ்வொரு 5, 6 பாகை இறக்கத்துக்கும் ரயரின் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறையும். செப்டெம்பரில் 33 வைத்த ரயர் ஜனவரியில் 28-இல் நிற்கும். குளிர்காலத்துக்கென்று சுத்திகரிப்பு ஆலைகள் கலக்கும் பெற்றோல் எளிதில் ஆவியாகும்படி இருக்கும். அதில் லீற்றருக்குக் கிடைக்கும் சக்தி கோடைப் பெற்றோலைவிடச் சற்றுக் குறைவு.

கடைசியாக ஹீற்றர். இந்த ஒப்பீட்டின் திறப்பு இதில்தான் இருக்கிறது. பெற்றோலில் உள்ள சக்தியில் பெரும் பங்கு சில்லுக்குப் போகாமல் வெப்பமாக வீணாகிறது. குளிர்காலத்தில் காருக்குள் நம்மைச் சூடாக வைத்திருப்பது அந்த வீண் வெப்பம்தான். ஹைபிரிட் அவ்வளவு வீணாக்காது, மின்சார மோட்டர் ஏறக்குறைய வீணாக்குவதே இல்லை. வீணாக்காத கார் நம்மைச் சூடாக்கத் தனியாகச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. சிக்கனமான காருக்குக் குளிரில் சதவீத இறக்கம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் இதுவே தவிர, அது கெட்ட கார் என்பதல்ல.

அமெரிக்க எரிசக்தித் துறை தரும் எண்கள் இவை. 25 பாகையில் ஓடுவதோடு ஒப்பிட்டால் மைனஸ் 7-இல் நகர ஓட்டத்தில் பெற்றோல் காரின் மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறைகிறது. 5, 6 கிலோமீற்றர் குறும் பயணமென்றால் 24 சதவீதம் வரை போகலாம். ஹைபிரிட்டுக்கு 30 முதல் 34 சதவீதம். முழு மின்சாரக் காருக்குச் சுமார் 39 சதவீதம். அந்தக் கூடுதல் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு காரின் உள்ளைச் சூடாக்கவே போகிறது.

## எதை வைத்து எடைபோடுவது?

கார் பெயரைப் பார்ப்பதற்கு முன் நம் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். நான் எப்போதும் இரண்டு கேள்விகளில் தொடங்குவேன். குளிர்ந்த இஞ்சினோடு ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளம்புகிறீர்கள், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தூரம்? இரவில் கார் எங்கே தூங்குகிறது: கராஜிலா, ட்ரைவ்வேயிலா, கொண்டோவின் நிலத்தடியிலா, தெருவிலா? அங்கே ஒரு பிளக் இருக்கிறதா, அதன் பில்லை யார் கட்டுகிறார்?

அதற்குப் பிறகுதான் மற்றவை: குளிர் நாளில் 100 கிலோமீற்றருக்கு என்ன செலவு, வாங்கும்போது கூடுதலாகக் கொடுத்த காசு எத்தனை வருடத்தில் திரும்பும், விற்பவர் சொல்லாத செலவு என்ன, மைனஸ் 20 காலையில் கார் என்ன செய்யும்.

கணக்குக்காகச் சிறிய செடான் கார் ஒன்றை வைத்துக்கொள்வோம். நகரத்துக்குள் பெற்றோல் வகை கோடையில் 100 கிலோமீற்றருக்கு 7.5 லீற்றர், ஹைபிரிட் வகை 4.5 லீற்றர். அதே அளவு மின்சாரக் கார் 18 யூனிட், அதாவது 18 கிலோவாட் மணி. பெற்றோல் லீற்றர் 1.40 டொலர். விலை மாறிக்கொண்டே இருக்கும், உங்கள் கையிலுள்ள விலையைப் போட்டுப் பாருங்கள்.

## சாதாரணப் பெற்றோல் கார்

குளிரில் சதவீதமாகக் குறைவாக இழப்பது இதுதான். நகரத்துக்குள் 7.5 லீற்றர் மைனஸ் 7-இல் 8.8 ஆகும். குறும் பயணமே ஓடுகிறவருக்கு 9.9 வரை ஏறலாம். இங்கே ஒரு சின்ன விஷயம்: மைலேஜ் 15 சதவீதம் குறைந்தால் லீற்றர் 15 சதவீதம் கூடுவதில்லை, 18 சதவீதம் கூடும்.

இதன் நல்ல பக்கம் எளிமை. ஹீற்றருக்குத் தனிச் செலவு கிடையாது, பிளக் தேட வேண்டாம், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார், பழையதாக வாங்க நிறையக் கிடைக்கும். தினமும் ஓஷாவாவிலிருந்து மிசிசாகாவுக்கு ஹைவேயில் போய் வருகிறவருக்கு இஞ்சின் முதல் 15 நிமிடத்தில் சூடாகிவிடும். அதற்குப் பிறகு மிச்ச வழியெல்லாம் ஏறக்குறையக் கோடை ஓட்டம்தான், காற்றும் ரயரும் மட்டும் கொஞ்சம் பிடிக்கும்.

மறைந்த செலவு ரிமோட் ஸ்டார்ட்டில், அதாவது வீட்டுக்குள் இருந்தே பட்டனை அழுத்தி இஞ்சினை ஓட விடுவதில் இருக்கிறது. கனடாவின் இயற்கை வளத் துறை சொல்லும் கணக்குப்படி 3 லீற்றர் இஞ்சின் ஒன்று 10 நிமிடம் நின்ற இடத்தில் உறுமினால் 300 மில்லிலீற்றருக்கு மேல் போகும். 2 லீற்றர் இஞ்சினுக்கு 200 என்று வைப்போம். காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை, மாதம் 22 நாள், ஐந்து மாதம்: 44 லீற்றர், 60 டொலருக்கு மேல். இத்தனைக்கும் இன்றைய இஞ்சின் நின்றுகொண்டு சூடாவதைவிட மெதுவாக ஓடும்போதுதான் சீக்கிரம் சூடாகும். கண்ணாடியில் பனியைச் சுரண்டும் அந்த ஒன்றிரண்டு நிமிடம் போதும். அப்புறம் முதல் சில கிலோமீற்றர் மிதமாக மிதியுங்கள். ரொறன்ரோ நகர விதியும் 60 நிமிடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றபடி இஞ்சினை ஓட விடக்கூடாது என்கிறது, சில விலக்குகள் உண்டு.

காசை விடப் பெரிய ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூடிய கராஜுக்குள் ஒரு நிமிடம்கூட இஞ்சினை ஓட விடாதீர்கள், கதவு பாதி திறந்திருந்தாலும் வேண்டாம். பனி கொட்டிய காலையில் புகைக் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள், பிள்ளைகள் உள்ளே இருந்தால் இன்னும் கவனம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

யாருக்கு ஏற்றது: ஹைவேயில் நீண்ட தூரம் ஓடுகிறவர், தெருவில் கார் விடுகிறவர், வருடத்துக்கு 8,000, 10,000 கிலோமீற்றருக்குள் ஓடுகிறவர், கையில் இருக்கும் காசுக்குப் பழைய கார் ஒன்றை வாங்கிச் சமாளிக்க நினைப்பவர்.

## ஹைபிரிட்

ஆரம்பத்தில் கேட்ட நாலரை, ஆறரைக் கேள்விக்கு இங்கே வருவோம். மைலேஜ் 32 சதவீதம் குறைந்தால் 4.5 லீற்றர் 6.6 ஆகும். மீற்றர் காட்டியது சரி, காரும் சரி.

ஏன் இவ்வளவு இறக்கம்? ஹைபிரிட்டின் சிக்கனம் முழுவதும் இஞ்சினை அடிக்கடி அணைப்பதில் இருக்கிறது. சிவப்பு விளக்கில் அணைக்கும், இறக்கத்தில் அணைக்கும், மெதுவாக ஊரும்போது பற்றரியில் ஓடும். குளிரில் நாம் ஹீற்றரை 23-இல் வைத்துவிட்டுக் குந்தியிருப்போம். ஹீற்றருக்கு வெந்நீர் வேண்டும், வெந்நீருக்கு இஞ்சின் ஓட வேண்டும். விளக்கில் நிற்கும்போதும் அது உறுமிக்கொண்டிருப்பது அதனால்தான். குளிர்ந்த பற்றரி பிரேக் பிடிக்கும்போது வரும் மின்சாரத்தையும் முழுதாக வாங்கிக்கொள்ளாது.

கார் செய்கிறவர்களுக்கு இது முன்பே தெரியும். 2004 மொடலாக வட அமெரிக்காவுக்கு வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸ் ஹைபிரிட்டில் சூடான குளிரூட்டி நீரைச் சேமித்து வைக்க ஒரு தேர்மோஸ் போத்தலே வைத்திருந்தார்கள். அடுத்த நாள் காலை அந்தச் சூட்டை இஞ்சினுக்கு ஊட்டும். அதற்கு அடுத்த தலைமுறையில் அதை எடுத்துவிட்டுப் புகைக் குழாயின் வெப்பத்தைப் பிடித்து இஞ்சினைச் சூடாக்கினார்கள். நம் வீட்டில் தேநீரைப் பிளாஸ்கில் ஊற்றி வைப்பது போன்ற வேலைதான்.

சரி, அப்படியானால் ஹைபிரிட் எடுத்தது நட்டமா? கோடையில் பெற்றோல் காரோடு வித்தியாசம் 7.5-க்கும் 4.5-க்கும் இடையில் 3 லீற்றர். மைனஸ் 7-இல் 8.8-க்கும் 6.6-க்கும் இடையில் 2.2 லீற்றர். இலாபம் சுருங்குகிறது, மறையவில்லை. சதவீதத்தில் இரண்டு மடங்கு இழந்த பிறகும் ஹைபிரிட்டின் குளிர்காலக் கணக்கு பெற்றோல் காரின் கோடைக் கணக்கைவிடக் குறைவு.

வருடக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். நகரத்துக்குள் மாதம் 1,500 கிலோமீற்றர். ஏழு மாதம் கோடை வித்தியாசத்தில் 315 லீற்றர், ஐந்து மாதம் குளிர் வித்தியாசத்தில் 165 லீற்றர், ஆக 480 லீற்றர், 672 டொலர் மிச்சம். ஹைபிரிட்டுக்குக் கூடுதலாக 3,000 டொலர் கொடுத்திருந்தால் நாலரை வருடத்தில் திரும்பிவிடும். குளிரே இல்லாத ஊராக இருந்திருந்தால் நாலு வருடம். கனடாக் குளிர் செய்தது அந்தத் திரும்பலை ஆறு மாதம் தள்ளிப்போட்டது மட்டுமே.

ஆனால் ஹைவேக் கணக்கு வேறு. ஹைவேயில் கோடையிலேயே பெற்றோல் காருக்கும் ஹைபிரிட்டுக்கும் வித்தியாசம் ஒரு லீற்றருக்குள்தான் இருக்கும். 0.7 லீற்றர் என்று வைத்தால் அதே 18,000 கிலோமீற்றரில் வருடத்துக்கு 176 டொலர்தான் மிஞ்சும். 3,000 டொலர் திரும்ப 17 வருடம் வேண்டும். முடிவை மாற்ற வேண்டியது குளிர் அல்ல, நீங்கள் ஓடும் பாதை. ஹைவே என்று சொல்லிவிட்டு 401-இல் தினமும் ஒரு மணி நேரம் ஊர்கிறவர் தன்னை நகர ஓட்டக்காரர் என்றே எண்ணிக்கொள்ளலாம்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் நிறையக் கை கொடுக்கும். இருக்கைச் சூட்டையும் ஸ்டியரிங் சூட்டையும் முதலில் போடுங்கள், ஹீற்றரை 19, 20-க்கு இறக்குங்கள். உடம்பைத் தொட்டுச் சூடாக்க மிகக் கொஞ்ச மின்சாரம் போதும், காற்றைச் சூடாக்கத்தான் இஞ்சின் ஓட வேண்டும். முன் கண்ணாடி ஊதும் பட்டனை வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். அது போட்டிருக்கும்வரை பல ஹைபிரிட்டுகள் இஞ்சினை அணைக்கவே விடாது. அதற்காகக் கண்ணாடி மங்கலோடு ஓடாதீர்கள். பார்வைதான் முதல், லீற்றர் பிறகு.

மறைந்த செலவு: பெயர்பெற்ற ஹைபிரிட்டுகள் பழையதாகவும் விலை இறங்குவதில்லை. அப்புறம் அந்தச் சின்ன 12 வோல்ட் பற்றரி. பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் சின்னது இறந்தால் கார் கண் விழிக்காது. நாலு, ஐந்து வருடமானால் குளிர் வருவதற்கு முன் சோதித்துவிடுங்கள்.

யாருக்கு ஏற்றது: நகரத்துக்குள் நிறைய ஓடுகிறவர், டெலிவரி அல்லது ஊபர் ஓடுகிறவர், பிளக் இல்லாத இடத்தில் கார் விடுகிறவர். ஸ்காபரோவில் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் பலருக்கு எரிபொருள் கணக்கில் எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல தெரிவு இல்லை.

## பிளக்-இன் ஹைபிரிட்

இது பிளக்கில் செருகிச் சார்ஜ் செய்யும் ஹைபிரிட். முதல் 50, 60, 70 கிலோமீற்றர் மின்சாரத்தில், அதற்குப் பிறகு பெற்றோலில். காகிதத்தில் இரண்டு உலகத்திலும் நல்லது. குளிரில் இதன் குணம் ஒவ்வொரு மொடலுக்கும் மாறுவதால் பொதுவாகச் சொல்லி முடிக்க முடியாது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஹீற்றர் போட்டால் இஞ்சின் ஓடுமா? சில மொடல்களில் மின்சாரத்தில் இயங்கி, வெளிக் காற்றின் வெப்பத்தை இழுத்துக் காருக்குள் தரும் ஹீற் பம்ப் இருக்கிறது, 2017-இல் வந்த பிரியஸ் பிரைம் அப்படிப்பட்டது. அவை மிதமான குளிரில் மின்சாரத்திலேயே உங்களைச் சூடாக வைத்திருக்கும். வேறு சிலவற்றில் வெப்பத்துக்கு இஞ்சினைத்தான் நம்ப வேண்டும். பற்றரி நிறைந்திருந்தாலும் குளிர் ஒரு அளவைத் தாண்டினால் இஞ்சின் தானாக எழும்பும். ஜெனரல் மோட்டர்ஸ் 2019 வரை செய்த வோல்ட் (Volt) என்ற கார் அப்படித்தான், வெளியே குளிர் கூடியதும் இஞ்சினை ஓட்டும். அப்படிப்பட்ட காரில் நாலு கிலோமீற்றர் பள்ளிப் பயணம் மின்சாரத்தில் நடக்கும் என்று நினைத்து வாங்கினால் ஜனவரியில் ஏமாற்றம்தான்.

65 கிலோமீற்றர் மின்சார ஓட்டம் என்று எழுதியிருந்தால் மைனஸ் 7-இல் 40-ஐ எதிர்பாருங்கள். தினசரி ஓட்டம் அதற்குள் இருந்து, வீட்டில் பிளக்கும் இருந்தால் அருமை. சாதாரண 120 வோல்ட் பிளக்கே இரவுக்குள் இந்த அளவுப் பற்றரியின் பெரும்பகுதியை நிரப்பிவிடும், தனிச் சார்ஜர் வேண்டாம். செருகாமல் ஓடினால் பாரமான பற்றரியைச் சும்மா சுமக்கிற விலை கூடிய ஹைபிரிட் அது, அவ்வளவுதான்.

யாருக்கு ஏற்றது: வீட்டில் ஒரே கார், வாரத்தில் குறும் பயணம், மாதம் ஒரு தடவை மொன்றியலுக்கோ ஒட்டாவாவுக்கோ போகும் குடும்பம்.

## முழு மின்சாரக் கார்

சதவீதத்தில் அதிகம் இழப்பது இது. செலவில் மிகக் குறைவும் இது, மிகக் கூடவும் இதுவே ஆகலாம். எங்கே சார்ஜ் செய்கிறீர்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

மைலேஜ் 39 சதவீதம் குறைந்தால் 18 யூனிட் 29.5 ஆகும். ஒன்ராறியோவில் 2023-இல் மிகக் குறைந்த இரவுக் கட்டணம் என்று ஒரு திட்டம் வந்தது. இரவு 11 முதல் காலை 7 வரை யூனிட் 2.4 சதத்தில் தொடங்கியது, பின்னர் கூட்டினார்கள். அதற்கு மேல் விநியோகக் கட்டணம், வரி எல்லாம் உண்டு. நான் கூட்டியே 10 சதம் என்று வைக்கிறேன். மைனஸ் 7-இல் 100 கிலோமீற்றருக்கு 2.95 டொலர். பெற்றோல் காருக்கு 12.30, ஹைபிரிட்டுக்கு 9.25. நாற்பது சதவீதம் இழந்த பிறகு வரும் கணக்கு இது.

இதே காரை வெளியே விரைவுச் சார்ஜரில், யூனிட் 60 சதத்துக்கு நிரப்பினால் 17.70 டொலர். பெற்றோல் காரை விடக் கூட. கோடையில் இது 10.80, பெற்றோல் காரின் 10.50-ஐ ஒட்டியே இருந்தது. அந்தச் சின்ன வித்தியாசத்தைக் குளிர்தான் இவ்வளவு பெரிதாக்கியது. வீட்டில் பிளக் இல்லாமல் மின்சாரக் கார் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். குளிர்ந்த பற்றரி வேகமாகச் சார்ஜை வாங்காது என்பதால் நேரமும் கூடப் போகும். 2024 ஜனவரியில் சிகாகோவில் கடுங்குளிர் வந்தபோது பொதுச் சார்ஜர்களில் கார்கள் நீண்ட வரிசையில் நின்றன, சிலவற்றில் பற்றரி வரிசையிலேயே தீர்ந்துபோனது. அதேசமயம் நோர்வேயில் அதே 2024-இல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது முழு மின்சாரம். ஒஸ்லோவில் இருக்கும் நம் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் ஊர்க் குளிர் நம்முடையதற்குக் குறைந்ததில்லை. அங்கே பெரும்பாலானவர்கள் வீட்டில் சார்ஜ் செய்கிறார்கள்.

சாதாரண 120 வோல்ட் பிளக்கால் சமாளிக்கலாமா? அது மணிக்கு 1.4 யூனிட் அளவில் கொடுக்கும், எட்டு மணி நேர இரவில் 11 யூனிட். கோடையில் அது 60 கிலோமீற்றர், குளிரில் 37. வெளியே நிற்கும் காருக்குக் கடுங்குளிரில் இன்னும் குறையும், பற்றரியைச் சூடாக்கவே அதில் ஒரு பங்கு போய்விடும். 240 வோல்ட் சார்ஜர் போட வேலைக்கூலியோடு 1,000 டொலரைத் தாண்டும். பழைய வீடுகளில் 100 அம்பியர் மின் பனல் இருந்தால் அதற்கு வேறு வேலை வரலாம். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனையே பிடியுங்கள்.

தூரத்தையும் பார்க்க வேண்டும். 400 கிலோமீற்றர் என்று எழுதிய கார் மைனஸ் 7-இல் ஹீற்றரோடு 235-ஐ ஒட்டி ஓடும். அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2019-இல் சோதித்தபோது சராசரி இறக்கம் 41 சதவீதம். ஹீற்றர் இல்லாமல் 12 சதவீதம்தான். ஆகவே ஹீற் பம்ப் உள்ள மொடலா என்று கட்டாயம் கேளுங்கள், இங்கே அதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் போகாது. மைனஸ் 20-க்குக் கீழே ஹீற் பம்பும் சோர்ந்துவிடும், ரொறன்ரோவில் அப்படிப்பட்ட நாட்கள் குறைவு. காலையில் கிளம்ப 20 நிமிடம் முன், பிளக்கில் இருக்கும்போதே காரைச் சூடாக்குங்கள். அந்த மின்சாரம் சுவரிலிருந்து வரும், தூரத்தைத் தின்னாது. பெற்றோல் காரில் வேண்டாம் என்று சொன்ன பழக்கம் இங்கே நல்ல பழக்கம்.

மறைந்த செலவில் நம் வீடுகளுக்கென்று ஒன்று இருக்கிறது. அந்த இரவுத் திட்டத்தில் சேர்ந்தால் வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை கட்டணம் மிகக் கூட. தொடங்கிய வருடத்தில் இரவு விலையின் பத்து மடங்கு. வேலையால் வந்து மின் அடுப்பில் சோறும் கறியும் வைக்கிற நேரம் அதுவே. வீட்டு வெப்பமும் மின்சாரத்தில் என்றால் காரில் மிஞ்சியது அங்கே போய்விடும். முழு வீட்டுப் பில்லையும் வைத்துப் பார்க்காமல் மாறாதீர்கள்.

யாருக்கு ஏற்றது: சொந்த ட்ரைவ்வேயோ கராஜோ உள்ளவர், தினமும் 30 முதல் 150 கிலோமீற்றர் ஓடுகிறவர், வீட்டில் இரண்டாவது கார் இருப்பவர். கொண்டோவில் இருப்பவர்கள் உடனே கைவிட வேண்டாம். 2018-இல் ஒன்ராறியோ விதிகளை மாற்றி உரிமையாளர் சார்ஜர் போடக் கேட்பதை எளிதாக்கியது, ஆனால் செலவு உங்களுடையது.

## எண்களைப் பக்கத்தில் வைத்தால்

| தெரிவு | கோடையில், 100 கி.மீ.க்கு | மைனஸ் 7-இல், 100 கி.மீ.க்கு | மைனஸ் 7-இல் செலவு |
|---|---|---|---|
| பெற்றோல் | 7.5 லீற்றர் | 8.8 லீற்றர் | 12.30 டொலர் |
| ஹைபிரிட் | 4.5 லீற்றர் | 6.6 லீற்றர் | 9.25 டொலர் |
| பிளக்-இன் | செருகினால் மின்சாரம் போல, இல்லாவிட்டால் ஹைபிரிட் போல | மொடலைப் பொறுத்தது | கீழும் மேலும் உள்ளவற்றுக்கு நடுவில் |
| மின்சாரம், வீட்டில் இரவில் | 18 யூனிட் | 29.5 யூனிட் | 2.95 டொலர் |
| மின்சாரம், வெளியே விரைவுச் சார்ஜரில் | 18 யூனிட் | 29.5 யூனிட் | 17.70 டொலர் |

## எதை எடுத்தாலும் கூட வருபவை

விண்டர் ரயர். அது உருள்வதற்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் கேட்கும், கொடுங்கள். 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் றப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். கியூபெக்கில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் காப்புறுதி நிறுவனங்கள் அதற்குக் கழிவு தர வேண்டும். நீங்கள் கேட்டால்தான் நினைவுபடுத்துவார்கள், கேளுங்கள். மின்சாரக் காரும் பிளக்-இன்னும் பாரம் கூடியவை, அவற்றின் ரயர் செற்றுக்கு விலையும் கூடலாம். கார் விலையோடு இதையும் முதலிலேயே கூட்டிவிடுங்கள்.

கிளம்பும் முன் இஞ்சினை மின்சாரத்தில் சூடாக்கும் பிளொக் ஹீற்றர் பெற்றோல் காருக்கும் பெரும்பாலான ஹைபிரிட்டுகளுக்கும் போடலாம். இயற்கை வளத் துறை மைனஸ் 20-இல் 10 சதவீதம் வரை எரிபொருள் மிஞ்சும் என்கிறது. டைமர் வைத்துக் கிளம்ப இரண்டு மணி நேரம் முன் ஓட விட்டால் போதும், இரவு முழுக்க வேண்டாம். வினிபெக்கில் இது அவசியம், ரொறன்ரோவில் விருப்பம். ரயர் அழுத்தத்தை மாதம் ஒரு தடவை பாருங்கள், கூரையில் குவிந்த பனியைத் தள்ளிவிட்டுக் கிளம்புங்கள். சின்னச் சின்ன ஓட்டங்களை ஒரே சுற்றாக்குங்கள். கடை, பள்ளி, கோயில் மூன்றையும் ஒரு தடவையில் முடித்தால் குளிர்ந்த இஞ்சினை மூன்று தடவை எழுப்புவது ஒன்றாகிவிடும்.

வாடகை வீட்டில் இருந்துகொண்டு மின்சாரக் காரையோ பிளக்-இன்னையோ யோசிப்பவர்கள் கார்க் கடைக்குப் போவதற்கு முன் வீட்டுக்காரரோடு பேச வேண்டும். வெளிச் சுவரில் இருக்கும் பிளக்கை இரவில் பாவிக்கலாமா, மாதம் எவ்வளவு கொடுப்பது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் 1,500 கிலோமீற்றர் முழு மின்சாரக் காரில் ஓடினாலும் மைனஸ் 7 மாதத்தில் 440 யூனிட் வரும், 10 சதக் கணக்கில் 44 டொலர். 60 டொலர் தருகிறேன் என்று நீங்களே சொன்னால் பேச்சு இலகுவாகும். அவர் மறுத்தால் ஹைபிரிட்டைப் பாருங்கள்.

ஓடிப் பார்ப்பதை ஜனவரியில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கடை திறந்த உடனே. "முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம், இரவு முழுக்க வெளியே நின்ற காரே வேண்டும்" என்று கேளுங்கள். நீங்கள் வழமையாக வைக்கும் சூட்டில் ஹீற்றரை வைத்து, உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் ஓடி, மீற்றர் காட்டும் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.